பேஸ் கிட்டாரிலிருந்து நாவலுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருடம் கொழும்பில் ஒரு ரொக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன், மற்ற வாத்தியங்களுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடும் கிட்டார். அதன்பின் தமிழில் இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும், வெள்ளவத்தை மருந்துக்கடை வரிசையிலும், மாணவர்கள் அனுப்பும் கடிதங்களிலும் அதே கேள்விகள்தாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில்களை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டால் அடுத்த கல்யாணத்திலாவது சோறு ஆறுவதற்குமுன் சாப்பிடலாம் என்று பார்க்கிறேன்.

இசையை ஏன் விட்டீர்கள்?

நான் விடவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். ரொக் குழுக்கள் கலைவதற்குப் பொறாமை, பணம், காதல் என்று காரணம் சொல்வார்கள். எங்கள் குழுவைக் கலைத்தது விசா. டிரம்ஸ் வாசித்தவன் ரொறன்ரோவுக்குப் போனான். பாடியவன் பறங்கியர் வீட்டுப் பையன், ஐரோப்பிய வம்சாவளி இலங்கையர். அவனுடைய உறவினர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மெல்பேர்ணில் இருந்தார்கள். லீட் கிட்டார் வாசித்த சிங்கள நண்பனுக்குத் துபாயில் கணக்காளர் வேலை கிடைத்தது. மூவரையும் விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவன் நான்.

மிஞ்சியது ஒரு பேஸ் கிட்டார். அதைத் தனியாக வாசித்துக்கொண்டிருப்பது, வெறும் சொதியைப் பரிமாறிவிட்டு விருந்து என்று சொல்வதைப் போன்றது. நாவலுக்கு ஓர் ஆள் போதும், ஒத்திகைக்கு இடம் தேடவேண்டியதில்லை, மின்சாரம் போனாலும் கொப்பியில் எழுதலாம். இலக்கியத்துக்குள் நான் வந்த வழி இவ்வளவுதான்.

குழுவின் பெயர் என்ன?

சொல்லமாட்டேன். மற்ற மூவரும் இன்று மதிப்பான மனிதர்கள். ஒருவன் கோயில் நிர்வாகசபையில் இருக்கிறான். பதினெட்டு வயதில் வைத்த பெயர் என்பதுடன் விட்டுவிடுங்கள்.

ஷெஹான் கருணாதிலகவைப் பார்த்துத்தான் எழுத ஆரம்பித்தீர்களா?

ஆங்கிலத்தில் எழுதும் இலங்கை நாவலாசிரியர் அவர். 2022 அக்டோபர் 17ஆம் திகதி லண்டனில் அவருக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. மறுநாள் காலை என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அவரும் கிட்டார் வாசித்தவராமே?" என்று கேட்டார். ஆமாம், வாசித்தவர்தான். இண்டிபென்டன்ட் ஸ்குவேர் என்ற கொழும்பு ரொக் குழுவில் பேஸ் கிட்டார். அவரும் பேஸ், நானும் பேஸ். ஒற்றுமை அத்துடன் முடிகிறது. அவருக்குக் கிடைத்தது 50,000 பவுண்.

ஆனால் என்னை எழுத உட்காரவைத்தது புக்கர் அல்ல. அதற்கு முன்னால் அவர் நடந்த தூரம்தான். விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதிச் சம்பாதித்தவர். 'சைனாமன்' என்ற அவருடைய முதல் நாவல் கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு என்ற இலங்கை இலக்கியப் பரிசைப் பெற்றது. பரிசு கிடைத்த பின்பும் 2010இல் அதை இங்கே தன் கைக்காசில்தான் அச்சிட்டார். வெளிநாட்டுப் பதிப்புகளும் 2012இன் பொதுநலவாய நூற்பரிசும் பிறகு வந்தவை. காணாமல்போன ஒரு சுழற்பந்து வீச்சாளரை ஒரு குடிகாரப் பத்திரிகையாளர் தேடித் திரியும் கதை. அந்த வீச்சாளர் தமிழ்ப் பின்னணி கொண்டவர் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அதைக் கையில் எடுத்தேன். பிரதீப் மெத்தியூ என்று உண்மையிலேயே ஒருவர் விளையாடினாரா என்று பழைய ஸ்கோர் விபரங்களைத் துழாவிய முட்டாள்களில் நானும் ஒருவன்.

அடுத்த நாவலுக்குப் பத்து வருடம் எடுத்தார். அது 2020இல் இந்தியாவில் வேறொரு பெயரில் வெளிவந்தது. பிறகு வெளிநாட்டு வாசகர்களுக்காகத் திருத்தி எழுதப்பட்டு, 2022இல் பிரித்தானியாவில் புதிய பெயருடன் வந்தது. புக்கர் வாங்கித் தந்தது அதுதான். ஒரே பாட்டைத் திரும்ப ஒலிப்பதிவு செய்வது இசைக்காரனுக்குப் புதிதல்ல. அச்சில் வந்துவிட்ட நாவலைத் திரும்ப எழுதுவதற்குத் தோல் தடிப்பாக இருக்கவேண்டும். அந்தத் தடிப்பு குழுவில் வாசித்த காலத்தில் வந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன், அவரிடம் கேட்டதில்லை.

அந்த நாவலின் நாயகன், போர்க்காலப் புகைப்படக்காரன் மாலி அல்மேதா, செத்த பிறகு கண்விழிக்கிறான். உடல் பேரை வாவியில் கிடக்கிறது. அவன் நிற்பதோ விசா அலுவலகம் போன்ற ஓரிடத்தில், வரிசையில். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மெல்பேர்ணுக்கும் ரொறன்ரோவுக்கும் செய்தி அனுப்பினேன். கதை முழுவதும் அவனை 'நீ' என்றே அழைக்கிறது. அவன் எதிர்ப்படும் ஆவிகளில் ஒருவர் கொல்லப்பட்ட ஒரு தமிழ் விரிவுரையாளர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை மனதில் வைத்து வரையப்பட்ட பாத்திரம். பரிசு மேடையில் கருணாதிலக தமிழிலும் சிங்களத்திலும் சில வார்த்தைகள் பேசினார். பெரியம்மா புத்தகத்தை வாசிக்கவில்லை. அந்தச் சில வினாடிகளை மட்டும் பலமுறை பார்த்தார்.

கிரேஷியன் பரிசு தமிழ் நாவலுக்கும் உண்டா?

இல்லை. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, கிடைத்த பணத்தைக் கொண்டு தன் தாயின் குடும்பப் பெயரில் நிறுவிய பரிசு அது. இலங்கையில் வசித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு உரியது. முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு புக்கர் பணம் அடுத்த புக்கருக்கு உரம் போட்டது என்று சொல்லலாம். அதே அறக்கட்டளை, சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறது. எங்களுக்கு அந்தப் பக்கக் கதவு திறந்திருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும்.

உலகத்தில் வேறு யார் இப்படி மாறியிருக்கிறார்கள்?

நிறையப் பேர். ஆஸ்திரேலிய ரொக் பாடகர் நிக் கேவ் 1989இல் முதல் நாவலை வெளியிட்டார், பாடுவதையும் விடவில்லை. ஜப்பானில் இது கிட்டத்தட்ட ஒரு மரபு. பங்க் குழுவில் கத்திக்கொண்டிருந்த மச்சிதா கோ 2000இல் அகுதகவா என்ற இலக்கியப் பரிசு பெற்றார். பாடகியாக இருந்த மியெகோ கவகாமிக்கு அதே பரிசு 2008இல். லெனார்ட் கோஹன் எதிர்த்திசையில் போனவர்: 1963இலும் 1966இலும் நாவல் எழுதினார், வயிறு நிறையவில்லை, 1967இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். நாவல் எழுதினால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் கோஹனைத்தான் காட்டுவேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கசுவோ இஷிகுரோவின் கதை. இளமையில் கிட்டாரும் கையுமாகப் பாட்டுக்காரராக வரவேண்டும் என்று அலைந்தவர். பட்லர் ஒருவரைப் பற்றிய நாவலை எழுதி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாலை டொம் வெய்ட்ஸ் பாடிய பாட்டைக் கேட்டிருக்கிறார். முரட்டுக் குரல், ஓரிடத்தில் தாங்கமுடியாமல் உடைகிறது. அதுவரை கடைசிப் பக்கம் வரை நெஞ்சைத் திறக்காமலே இருந்த அந்தப் பட்லர் ஒரே ஒரு கணம் உடையவேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டதாம். திரும்பப் போய்த் திருத்தினார். இதை அவரே 2017இல் நோபல் உரையில் சொன்னார். பாட்டிலிருந்து நாவலுக்கு எதை எடுத்துப்போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. அவர் எடுத்துப்போனது வரிகளையல்ல, குரல் உடையும் இடத்தை.

பாட்டு எழுதிப் பழகியவருக்கு நாவல் எளிதுதானே?

முதலில் ஒரு திருத்தம். நான் பாட்டு எழுதியதில்லை, பாடகன்தான் எழுதினான். அவன் நாவல் எழுதியிருந்தால் சிரமப்பட்டிருப்பான் என்பது என் எண்ணம். பாட்டில் மோசமான வரியை டிரம்ஸ் மூடிவிடும். கேட்பவரின் கால் ஏற்கெனவே தாளம் போட்டுக்கொண்டிருப்பதால் அர்த்தத்தைப் பெரிதாகக் கேட்கமாட்டார். நாவலில் மூடிவிட யாரும் இல்லை.

எனக்கு உதவியது ஒத்திகை. தெஹிவளையில் ஒரு வாகனக் கொட்டகையில், வெயில் இறங்காத தகரக் கூரையின் கீழ், எட்டு அளவு, அதாவது எட்டுத் தாளச் சுற்று, நீளமான ஒரே துண்டை ஒரு பின்னேரம் முழுவதும் நாற்பது தடவை வாசிப்போம். பக்கத்து வீட்டு அங்கிள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "வேறு பாட்டுத் தெரியாதா, பிள்ளைகளே?" என்று கேட்பார். ஒரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதச் சொன்னால் எழுத்தாள நண்பர்கள் முகம் கறுப்பார்கள். எனக்கு அது வேலை நாள்.

பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் நிறுத்தினால் மட்டும், ஏதோ தரை போய்விட்டது போல, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தன்னைக் கேட்பதைவிட டிரம்ஸ்காரனின் வலது காலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். நாவலில் விளக்கமும் வருணனையும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது: கதையைத் தூக்கி நிறுத்தவேண்டும், கண்ணில் படக்கூடாது. தமிழ் வாக்கியமும் இதற்கு இடம் கொடுக்கிறது. வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. வந்து, நின்று, பார்த்து, தயங்கி என்று எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் வாசகர் அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். எத்தனை அளவு காக்கவைக்கலாம் என்பது இலக்கணத்தில் இல்லை, பைலா என்ற எங்கள் ஊர் ஆட்டப் பாட்டில் இருக்கிறது. கொழும்பில் எந்த ரொக் குழுவும் கல்யாணத்துக்கு வாசித்தால் இரவு பதினொன்றுக்குப் பைலாவுக்கு இறங்கியே ஆகவேண்டும், 'சுராங்கனி' இல்லாமல் மாமாமார் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பைலா ஆறெட்டுத் தாளம். ஆறை இரண்டு மூன்றாகவும் எண்ணலாம், மூன்று இரண்டாகவும் எண்ணலாம். கால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், கை மற்றதை. நாங்கள் அதை இளக்காரமாக நினைத்துக்கொண்டு வாசித்தோம். வாக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பதினொரு மணிகளில் கிடைத்தது.

மறக்கவேண்டியிருந்தது கைதட்டலை. மேடையில் நான்கு அளவுக்குள் தெரிந்துவிடும், எடுபடுகிறதா இல்லையா என்று. முதல் நாவல் வெளிவந்து பதினான்கு மாதத்துக்குப் பிறகுதான் முதல் விமர்சனம் வந்தது. அதுவும் அட்டைப்படத்தைப் பற்றி. அந்தப் பதினான்கு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று எந்த ஒத்திகையும் சொல்லித்தரவில்லை.

ஆங்கிலப் பாட்டு வாசித்தவர் தமிழில் ஏன் எழுதினீர்கள்?

குழுவுக்குள் நாங்கள் பேசியது ஆங்கிலம், ஏசியது சிங்களம். 'மச்சான்' மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுச்சொத்து. ஆனால் எனக்குள் ஓடும் குரல் அம்மம்மாவுடையது. அது தமிழில்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் முப்பது பக்கம் எழுதிப் பார்த்தேன். பாத்திரங்கள் எல்லோரும் விளம்பரத்தில் தேயிலை குடிப்பவர்கள் போலப் பேசினார்கள். கிழித்துப் போட்டேன்.

தமிழிலும் பிரச்சினை இருந்தது. எந்தத் தமிழ்? கொட்டாஞ்சேனையில் பேசுவது வெள்ளவத்தையில் பேசுவதைப் போன்றதல்ல. இரண்டும் யாழ்ப்பாணத்துத் தமிழும் அல்ல. முதல் நாவலைச் செப்பனிட்ட பெரியவர் ஒருவர் என் கொழும்புக்காரர்கள் அனைவரையும் ஒரே இரவில் பருத்தித்துறைக்குக் குடியேற்றிவிட்டார். திரும்பக் கூட்டிவர மூன்று மாதம் பிடித்தது.

சோதனைச் சாவடிக் காட்சி உண்மையில் நடந்ததா?

வாசிக்காதவர்களுக்காக: முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், தொண்ணூறுகளின் கடைசியில், நள்ளிரவில் கொழும்பின் காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒரு சாவடியில் குழுவின் வாகனத்தை நிறுத்துகிறார்கள். பேஸ் கிட்டாரின் நீளப் பெட்டி சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பாதி உண்மை. அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையுடன் நான்கு அடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவில் போவது புத்தியுள்ளவன் செய்யும் வேலையல்ல. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார்கள். இங்கேதான் சிக்கல். மின்சாரப் பேஸ் கிட்டாருக்கு அம்பிளிஃபையர் இல்லாவிட்டால் சத்தமே வராது. கொசு பறக்கும் அளவுக்கு ஏதோ கேட்கும். வாசிக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் போடாத வாத்தியத்தை யார் நம்புவார்? சிங்கள நண்பன் இறங்கி விளக்கினான். அதற்கும் அந்தப் படைவீரருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் நான், மரத்தில் காதை வைத்துக் கேட்கும்படி சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து காதை வைத்தார். ஆகத் தடித்த கம்பியைத் தட்டினேன். அது காதுக்குக் கேட்பதில்லை, தாடை எலும்புக்குக் கேட்கும். அவர் நிமிரவில்லை. இன்னொருமுறை என்று விரலால் காட்டினார்.

நாவலில் அதற்குப் பிறகு வருவது கற்பனை. ஓர் இரவு முழுவதும் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்ததும் நடந்ததுதான், ஆனால் வேறொரு நாள். அன்று என்னிடம் கிட்டார் இருக்கவில்லை.

அம்மா என்ன சொன்னார்?

கிட்டார் வாசித்தபோது, "இதைவிட ஏதாவது எழுதலாமே" என்றார். எழுதியபோது, "அந்தக் கிட்டாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்" என்றார்.

நாவலால் எவ்வளவு சம்பாதித்தீர்கள்?

முதல் நாவல் 300 பிரதி. நானே அச்சிட்டேன். அறுபது எழுபது பிரதி அன்பளிப்பாகவே போயிற்று. பகலில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வீட்டு வாடகை அதிலிருந்து வருகிறது. இசைக்காலத்திலும் பகல் வேலை இருந்தது. ஆகவே 'தொழில் மாற்றம்' என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழில் மாறவில்லை, இரவு வேலை மாறியது. ஸ்பீக்கர் பெட்டி தூக்கும் முதுகுவலி போய், உட்கார்ந்திருக்கும் முதுகுவலி வந்தது.

நாவலில் புகழ்பெற்ற பாடல் வரிகளைப் பயன்படுத்தலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ரொக் இசை பிறந்தே அவ்வளவு காலம்தான் ஆகிறது. ஆகவே உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டும் தப்பாது. பாட்டின் தலைப்பைச் சொல்வதில் பிரச்சினையில்லை. நான் நான்கு வரிகளை மேற்கோள் காட்டியிருந்தேன். எடுத்துவிட்டு, கதையில் வரும் குழுவுக்கு நானே பாட்டு எழுதினேன். மோசமான பாட்டு. கதைப்படி அது மோசமான குழு என்பதால் பொருந்திவிட்டது.

அச்சிடுவதற்கு என்ன செய்யவேண்டும்?

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பு 7இல், சுதந்திர சதுக்கத்துப் பக்கம் உள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். மற்றதெல்லாம் அச்சகத்துடன் பேரம். காகித விலையை மட்டும் கவனியுங்கள். என் இரண்டாவது நாவல் அச்சுக்குத் தயாரானது 2022 மார்ச்சில். காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த மாதம். பிள்ளைகளுக்கே வினாத்தாள் இல்லாதபோது என் நாவலுக்குக் காகிதம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்தேன். அந்த ஒரு வருடத்தில் கடைசி அத்தியாயத்தை இரண்டு தடவை மாற்றினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

வெளியீட்டு விழா இசை நிகழ்ச்சியைப் போல இருந்ததா?

ஒலிவாங்கி இரைந்தது, அந்த ஒரு விஷயத்தில் இருந்தது. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்தது. மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, நயவுரை, ஆய்வுரை. முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிகளை மற்றவர்கள் கடித உறையுடன் வந்து வாங்குவார்கள். அந்த உறைகளைக் கேலி செய்பவர்கள் உண்டு. நானும் செய்தவன். அச்சகக் கடனை அடைத்தது அந்த உறைகள்தான் என்பதால் இப்போது செய்வதில்லை. இரண்டு மணிநேரம் கழித்து நூலாசிரியருக்கு ஏற்புரை என்று ஐந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் வடையின் வாசனை மண்டபத்துக்குள் வந்துவிடும். முக்கிய குழுவுக்கு முன்னால் வாசிக்கும் சின்னக் குழுவின் நிலைமை எனக்குப் பழக்கமானது. இங்கே முக்கிய குழு வடை.

எழுதும்போது இசை கேட்பீர்களா?

இல்லை. கடற்கரை ரயில் வீட்டுக்குப் பக்கத்தால் போகிறது. அது போதும்.

என் கையெழுத்துப் பிரதியை வாசித்துச் சொல்வீர்களா?

ஐம்பது பக்கம் வரை வாசிப்பேன். இசைக்காரர்கள் அனுப்பும் பிரதிகளில் பத்துக்கு எட்டு, ஒரு குழு உருவாகி, புகழ்பெற்று, போதையில் அழியும் கதை. தம்பிமாரே, கொழும்பில் எந்த ரொக் குழுவும் அழியுமளவுக்குப் புகழ்பெற்றதில்லை. ஒத்திகைக்கு வாகனம் கிடைக்காத கதையை எழுதுங்கள். அனுப்புவதற்குமுன் ஒரு அத்தியாயத்தை உரக்க வாசித்துத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அடுத்த நாள் பஸ்ஸில் கேளுங்கள். எந்த இடத்தில் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குகிறீர்களோ, அந்த இடத்தை வெட்டுங்கள்.

குழு மீண்டும் சேருமா?

ரொறன்ரோக்காரன் போன மார்கழியில் வந்திருந்தான். தெஹிவளைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. என் வீட்டில் சாப்பிட்டோம். இரண்டாவது நாவலை விமானத்தில் வாசித்து முடித்துவிட்டதாகச் சொன்னான். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை; பேஸ்காரன் டிரம்ஸ்காரனிடம் அதைக் கேட்பதில்லை. அவனாகவே புத்தகத்தை எடுத்து 143ஆம் பக்கத்தைத் திறந்து, இரண்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டே உரக்க வாசித்தான். மூன்றாவது பந்தியில் விரல் நின்றது.

"மச்சான், இந்த இடத்தில் நீ ஓடுகிறாய்."

திரும்ப வாசித்துப் பார்த்தேன். தாளத்தை முந்தி ஓடித்தான் இருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் அந்தப் பந்தி மாறியிருக்கும், இரண்டாம் பதிப்பு வந்தால்.